ஜன்னலில் வைக்கும் விளக்கு: ஹனுக்கா பற்றி வாசகர் கேள்விகள்

(அம்பாசமுத்திரத்தில் பிறந்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூதக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனவர் இவர். சென்ற இதழில் தன் வீட்டு ஹனுக்கா பண்டிகையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். அதைப் படித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த 2024 டிசம்பர் இதழில் பதில் சொல்கிறார்.)

அக்கா, ஹனுக்காவும் விளக்குப் பண்டிகை, கார்த்திகையும் விளக்குப் பண்டிகை. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, திருவண்ணாமலை

தொடர்பு இல்லையம்மா. இரண்டும் வேறு வேறு ஊரில், வேறு வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. இந்த வருடம் டிசம்பர் 13 அன்று வாசலில் அகல் வைத்தோம். டிசம்பர் 25 மாலை ஹனுக்காவின் முதல் விளக்கு.

நிலவைப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஹனுக்கா யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் தேதி தொடங்குகிறது. அவர்களுடைய மாதம் பிறையில் பிறப்பதால் 25 என்றால் தேய்பிறையின் கடைசி. எட்டு நாள் பண்டிகைக்கு நடுவில் அமாவாசை வந்து போய்விடும். அதோடு வருடத்தின் மிக நீண்ட இரவுகள் வரும் பருவம் இது. பிட்ஸ்பர்க்கில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று எட்டாம் நாள் வரை விளக்கைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இப்படிக் கூட்டுவதா குறைப்பதா என்று 2000 வருடங்களுக்கு முன்பே ஒரு விவாதம் நடந்திருக்கிறது. ஷம்மாய் என்ற ஆசிரியரின் மாணவர்கள் எட்டில் தொடங்கி ஒன்றுக்கு இறங்க வேண்டும் என்றார்கள். ஹில்லேலின் மாணவர்கள் ஒன்றில் தொடங்கி ஏற வேண்டும் என்றார்கள். புனிதமான விஷயத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். உலகம் முழுவதும் இன்று ஹில்லேல் வழிதான். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

ஒரு நாளைக்குப் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். இது வரலாறா, நம்பிக்கையா?
– கல்லூரி மாணவர், சேலம்

நல்ல கேள்வி தம்பி. போர் நடந்தது வரலாறு. அலெக்சாண்டருக்குப் பிறகு உடைந்த பேரரசில் ஒரு பங்கை செலூக்கிய அரசர்கள் ஆண்டார்கள். அவர்களில் நான்காம் அந்தியோக்கு, கி.மு. 167இல் எருசலேம் கோயிலில் யூத வழிபாட்டை நிறுத்தி அங்கே கிரேக்கக் கடவுளுக்குப் பலி கொடுக்க வைத்தார். ஓய்வுநாள் கூடாது, விருத்தசேதனம் கூடாது என்று சட்டம் போட்டார். மோதீன் என்ற சிற்றூரில் மத்தத்தியா என்ற குருவும் அவருடைய மகன்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். மகன்களில் ஒருவரான யூதா மக்கபே தலைமையில் கி.மு. 164இல் கோயிலை மீட்டுச் சுத்தம் செய்து பலிபீடத்தைத் திரும்பக் கட்டினார்கள். இதைச் சொல்லும் மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்கத் தமிழ் விவிலியத்தில் இருக்கின்றன, நூலகத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள். யூதர்களுடைய வேதத் தொகுப்பில் அவை சேரவில்லை.

அந்த நூல்களில் எண்ணெய் அதிசயம் கிடையாது. போர்க் காலத்தில் கொண்டாட முடியாமல் போன கூடாரப் பண்டிகையைப் போல எட்டு நாள் கொண்டாடினார்கள் என்றுதான் இரண்டாம் மக்கபேயர் சொல்கிறது. தலைமைக் குருவின் முத்திரை உடையாமல் ஒரே ஒரு குப்பி எண்ணெய் கிடைத்தது, ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பதெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூலில் வருகிறது. என் மாமனார் பொறியாளர். அவருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் பேரப்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் கதையைத்தான் முதலில் சொல்வார். போர்க் கதையைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்வார். அந்த வரிசை சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் அந்த எட்டு மாலையும் எப்படி நடக்கும்? விவரமாகச் சொல்லுங்கள், ஆசையாக இருக்கிறது.
– இல்லத்தரசி, ஈரோடு

எங்கள் வீடு ஸ்குவிரல் ஹில் என்ற பகுதியில் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் யூதர்கள் நெருக்கமாக வாழும் பழைய பேட்டை. ஃபோர்ப்ஸ் அவென்யூவும் மரே அவென்யூவும் சந்திக்கும் முனையில் யூத சமூக மையத்தின் கடிகாரத்தில் எண்களுக்குப் பதில் ஹீப்ரு எழுத்துகள் இருக்கும். டிசம்பர் பிறந்ததும் அந்தத் தெருக்களில் கடைக்குக் கடை மெழுகுவர்த்திப் பெட்டி வந்துவிடும். ஒரு பெட்டியில் 44. எட்டு நாளுக்கும் சேர்த்து விளக்குக் கணக்கு 36, அதோடு தினம் ஒரு ஷமாஷ், ஆக 44.

ஷமாஷ் என்பது மற்ற விளக்குகளை ஏற்றும் விளக்கு. விளக்குத் தண்டில் அதற்குத் தனி இடம், கொஞ்சம் உயரமாகவோ தள்ளியோ இருக்கும். ஹனுக்கா விளக்கின் வெளிச்சத்தில் படிக்கவோ காசு எண்ணவோ வேலை பார்க்கவோ கூடாது, பார்க்க மட்டும்தான் அது. பக்கத்தில் இருக்கும்போது தெரியாமல் ஏதாவது பயன் எடுத்துக்கொண்டால் அது ஷமாஷின் வெளிச்சம் என்று ஆகிவிடும்.

தண்டை ஹனுக்கியா என்பார்கள், மெனோரா என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று. மாமியாருடையது பித்தளை, நம் குத்துவிளக்கு மாதிரிப் புளி போட்டுத் தேய்த்தால்தான் பளிச்சென்று வரும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மகள் சின்ன வகுப்பில் படித்தபோது ஒரு மரப்பலகையில் இரும்பு நட்டுகளை ஒட்டி ஒன்று செய்தாள். இங்கே குழந்தைகள் எல்லோரும் அப்படிச் செய்வார்கள். அவளுக்கு இன்னும் அதுதான் வேண்டும்.

வர்த்திகளை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். ஏற்றும்போது இடமிருந்து வலமாக, அதாவது அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்ததை முதலில். ஏற்றுவதற்கு முன் இரண்டு ஆசி மந்திரங்கள், முதல் நாள் மட்டும் மூன்று. அந்த மூன்றாவது, இந்த நாளைப் பார்க்கும் வரை எங்களை உயிரோடு வைத்திருந்தாயே என்று கடவுளுக்குச் சொல்லும் நன்றி. மாமியார் அதைச் சொல்லும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஈரோட்டு அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விளக்கு எரியும் அந்த அரை மணி நேரம் பெண்கள் வீட்டு வேலை செய்யக் கூடாது என்பது வழக்கம். அந்த அதிசயத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதால் விளக்கேற்றும் கடமை அவர்களுக்கும் உண்டு என்கிறது தல்மூத். இந்த ஓய்வு அதை ஒட்டி வந்தது. மாமியார் இதில் கறாராக இருப்பார். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார், என்னையும் உட்கார வைப்பார். பாத்திரம் அப்படியே கிடக்கும். பிள்ளைகள் தரையில் ட்ரைடல் என்ற நான்கு முகப் பம்பரத்தைச் சுற்றுவார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு ஹீப்ரு எழுத்து. நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் விழுந்தால் நடுவில் இருப்பது எல்லாம் உனக்கு, ஹே என்றால் பாதி, ஷின் என்றால் நீ வைக்க வேண்டும். பந்தயத்துக்குச் சாக்லேட் காசு வைப்பவர்கள் உண்டு. நாங்கள் வேர்க்கடலை வைப்போம்.

வெள்ளிக்கிழமை மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஷப்பாத் என்ற வாராந்தர ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் சூரியன் மறைவதற்கு முன்பே ஹனுக்கா விளக்கை ஏற்றி, அதன்பிறகு ஷப்பாத் விளக்கை ஏற்ற வேண்டும். இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டும் என்பதால் அன்றைக்குச் சின்ன வர்த்தி போதாது. இந்த வருடம் டிசம்பர் 27 அப்படி வருகிறது.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு தீர்வு உண்டு. என் அம்மா ஒரு குளிர்காலத்தில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். வர்த்தியைவிட ஆலிவ் எண்ணெயும் பருத்தித் திரியும்தான் உயர்ந்தது, கோயிலில் எரிந்தது அதுதானே என்று மாமியார் பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவுதான், அம்மா பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தொடையில் வைத்து உருட்டி உருட்டி எட்டு நாளுக்கும் வேண்டிய திரி செய்து, நுனியை எண்ணெயில் நனைத்து எப்படி நிமிர்த்தி வைப்பது என்று சம்பந்தியம்மாவுக்குக் காட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. இப்போதும் அம்மா ஊரிலிருந்து வருபவர்கள் கையில் திரிக்கட்டு கொடுத்தனுப்புகிறார். வெள்ளிக்கிழமை விளக்கு எங்களுக்கு அம்பாசமுத்திரத்துத் திரியில்தான் எரிகிறது.

எண்ணெயில் பொரித்த பலகாரம்தான் சிறப்பு என்றீர்கள். நம் வீட்டில் செய்கிற மாதிரி ஒரு செய்முறை தாருங்கள்.
– வாசகி, கோவை

லாட்கே என்ற உருளைக்கிழங்கு அடை செய்யுங்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்கு (ஊட்டிக் கிழங்கு நன்றாக இருக்கும்), ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை, மாட்சா என்ற புளிப்பில்லாத ரொட்டியின் தூள் நான்கு மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். மாட்சா தூளுக்குப் பதில் ரஸ்க்கைப் பொடித்துப் போடலாம். இனிப்பில்லாத ரஸ்க்காகப் பாருங்கள்.

கிழங்கைத் தோல் சீவித் தேங்காய்த் துருவல் போல இல்லாமல் கொஞ்சம் பெரிய கண்ணில் துருவுங்கள். வெங்காயத்தையும் கூடவே துருவினால் கிழங்கு கறுக்காது. பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். பிழியப் பிழியத் தண்ணீர் வரும், விடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம். பத்து நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு அந்த மாவைத் துருவலில் சேர்த்துப் பிசையுங்கள். மொறுமொறுப்புக்கு அதுதான் காரணம். முட்டை சாப்பிடாத வீட்டில் அந்த மாவோடு இரண்டு கரண்டி சோளமாவு சேர்த்தால் பிடித்துக்கொள்ளும்.

வாணலி வேண்டாம், தட்டையான கனமான கல்லில் அரை அங்குலம் எண்ணெய் ஊற்றுங்கள். கரண்டியால் எடுத்து வைத்து லேசாக அமுக்கி, ஓரம் சிவந்த பிறகு திருப்புங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் உடையும்.

இங்கே ஆப்பிள் கூழோ புளித்த பாலாடையோ தொட்டுச் சாப்பிடுவார்கள். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பதால், மேசையில் இறைச்சி இருந்தால் பாலாடை வராது, ஆப்பிள்தான். பிள்ளைகளுக்கு நான் கொத்தமல்லிச் சட்னி அரைத்து வைக்கிறேன், மாமனாரும் அதைத்தான் கேட்கிறார். இஸ்ரேலில் லாட்கேயைவிட உள்ளே ஜாம் வைத்த பொரித்த பன், சுஃப்கனியோத் என்பார்கள், அதுதான் பிரபலம். உருளைக்கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கிழங்குதான். அது வருவதற்கு முன்பு பாலாடைக்கட்டியில் அப்பம் சுட்டிருக்கிறார்கள்.

2018இல் உங்கள் பகுதி ஜெப ஆலயத்தில் துப்பாக்கிச்சூடு நடந்ததைச் செய்தியில் படித்தேன். அதற்குப் பிறகும் விளக்கை ஜன்னலில் வைக்கிறீர்களா? பயமாக இல்லையா? நாங்களும் கலவரத்தைப் பார்த்தவர்கள் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், கொழும்பு

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். முடிந்தவரை முழுமையாகச் சொல்கிறேன்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. ட்ரீ ஆஃப் லைஃப் என்ற ஜெப ஆலயக் கட்டடத்தில் மூன்று சபைகள் தனித்தனியாக வழிபட்டுக்கொண்டிருந்தன. 11 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். தவறாமல் முதலில் வந்து உட்கார்கிறவர்கள் அவர்கள்தானே. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த வருடம் ஹனுக்கா சீக்கிரமே, டிசம்பர் 2 அன்று வந்துவிட்டது. துக்கம் முடியவே இல்லை, பண்டிகை வந்து நின்றது.

விளக்கை எங்கே வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. அதற்குத் தல்மூதிலேயே விதி இருக்கிறது. வாசலுக்கு வெளியே வை. மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில் வை. ஆபத்துக் காலமானால் மேசைமேல் வைத்தால் போதும். தெருவில் நடமாட்டம் ஓயும்வரை எரிய வேண்டும் என்றும் சொல்கிறது, ஏனென்றால் நடந்ததைப் போகிறவர் வருகிறவருக்குத் தெரிவிப்பதுதான் அந்த விளக்கின் வேலை. என் கணவர் மேசைமேல் வைக்கலாம் என்றார். குழந்தைகள் அப்போது சின்னவர்கள், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமியார் மறுத்துப் பேசவில்லை. எப்போதும் போல ஜன்னல் பலகையில் அலுமினியத் தாளை விரித்தார், தண்டை அதன்மேல் வைத்தார். "மேசையில் வைக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இங்கேதான்" என்றார்.

முதல் விளக்கை ட்ரீ ஆஃப் லைஃப் கட்டடத்துக்கு வெளியே பொதுவில் ஏற்றினார்கள். நாங்களும் போனோம். நூற்றுக்கணக்கானோர் நின்றார்கள், எல்லா மதத்தவரும். அதற்கு முன்பே பிட்ஸ்பர்க் இஸ்லாமியர்கள் முன்னின்று நிதி திரட்டி அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு கத்தோலிக்கப் பெரியவர் இருந்தார். கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. கூரையெல்லாம் சரவிளக்கு. அந்த வருடம் எங்கள் விளக்கு எரிகிற நேரத்தில் அவர் வீடு இருட்டாக இருந்ததைக் கவனித்தோம். மறுநாளும் அப்படியே. மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து என் கணவர் போய்க் கேட்டார். உங்கள் விளக்கு சின்னது, என் வெளிச்சத்தில் அது தெருவுக்குத் தெரியாமல் போகிறது, அதனால் அணைத்து வைக்கிறேன் என்றார். எட்டு நாளும் அப்படிச் செய்தார்.

பயம் இருந்ததா என்றால், இருந்தது. இப்போதும் பொது இடத்தில் விளக்கேற்றும்போது காவல்துறை வண்டி நிற்கும், அதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆனாலும் ஜன்னலுக்கு என் மனம் சாய்ந்துவிட்டது. உள்ளே வைத்தால் அது எங்கள் விளக்கு மட்டும். ஜன்னலில் வைத்தால் எதிர்வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய ஒரு வழி கிடைக்கிறது.

மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில் நடந்ததும் இதுதான். 1993 டிசம்பரில் ஒரு யூத வீட்டில் ஐந்து வயதுப் பையனின் அறை ஜன்னலில் ஹனுக்கா விளக்கின் படம் இருந்ததைப் பார்த்து யாரோ கல்லை எறிந்து கண்ணாடியை உடைத்தார்கள். அந்த ஊரில் யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. உள்ளூர் நாளிதழ் ஒரு முழுப் பக்கத்துக்கு ஹனுக்கா விளக்குப் படத்தை அச்சடித்தது. வெட்டி உங்கள் ஜன்னலில் ஒட்டுங்கள் என்று கேட்டது. ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ வீடுகளில் ஒட்டினார்கள். அதன் பிறகும் சில ஜன்னல்கள் உடைக்கப்பட்டன. படங்கள் கூடினவே தவிரக் குறையவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு ஊரும் உண்டு. ஜெர்மனியில் கீல் நகரில் 1931இல், ரப்பி (யூத மதகுரு) அகிவா போஸ்னரின் மனைவி ராகேல் தன் ஜன்னலில் இருந்த ஹனுக்கா விளக்கைப் படம் எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்குகிறது. அங்கே எதிர்வீடு அப்படி இருந்தது. 1933இல் அந்தக் குடும்பம் நாட்டைவிட்டுக் கிளம்பியது, விளக்கும் அவர்களோடு போனது. 2022இல் பேரப்பிள்ளைகள் அதே விளக்கை ஜெர்மனிக்கு எடுத்துச் சென்று, அந்நாட்டு அதிபர் ஷ்டைன்மையரின் மாளிகையில் ஏற்றினார்கள். அந்தப் பழைய புகைப்படத்தின் நகல் ஒன்று எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. மகள் பெரியவளானதும் என்ன இது என்று கேட்டாள், என் கணவர் உட்கார வைத்துச் சொன்னார்.

ட்ரீ ஆஃப் லைஃப் பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை இந்த வருடம் இடித்துவிட்டு, ஜூன் மாதம் புதிய கட்டடத்துக்குப் பூமி பூஜை போல மண் தோண்டும் விழா நடத்தினார்கள். டேனியல் லிபஸ்கிண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்திருக்கிறார். வழிபாட்டு இடத்தோடு அருங்காட்சியகமும் நினைவிடமும் வரப்போகின்றன.

நீங்கள் மதம் மாறினீர்களா? உங்கள் பிள்ளைகள் என்ன மதம்? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
– வாசகி, மதுரை

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மாறவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாரம்பரிய யூதச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். வைதிகப் பிரிவும் கன்சர்வேடிவ் பிரிவும் இன்றும் அப்படித்தான். எங்கள் குடும்பம் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்தது. அமெரிக்காவில் அந்தப் பிரிவின் ரப்பிகள் 1983இல் ஒரு முடிவெடுத்தார்கள்: தாயோ தந்தையோ ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூத வாழ்க்கையில் வளர்ந்து அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டால் யூதர்தான். ஆக, எங்கள் சபையில் என் பிள்ளைகள் யூதர்கள். நாலு தெரு தள்ளி இருக்கிற வைதிகச் சபையில் அப்படி இல்லை. மகளுக்கு இது தெரிந்த நாளில் அழுதாள். அவள் பாட்டி அன்று முழுவதும் அவளை விட்டு நகரவில்லை.

விளக்கேற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன், ஆமென் சொல்வேன். "எங்களுக்குக் கட்டளையிட்ட" என்று மந்திரத்தில் வரும், அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. ஹனுக்கியாவை என் சாமி அலமாரியில் வைக்க மாட்டேன், அகலை அதன் பக்கத்தில் வைக்க மாட்டேன். கலந்து வைத்தால் அழகாக இருக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மதத்தை விட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் விடாதவர்கள் தந்துவிட்டுப் போன விளக்கு அது. அதற்கு அதன் முறையில்தான் மரியாதை செய்ய வேண்டும்.

இந்தியாவில் ஹனுக்கா கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்களா? தமிழ்நாட்டில்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை

இருக்கிறார்கள் ஐயா. மும்பையிலும் கொங்கண் கரையிலும் பெனே இஸ்ரேல் என்ற சமூகம். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய முன்னோரின் வழி என்பது அவர்களுடைய மரபுக்கதை. எண்ணெய்ச் செக்கு ஓட்டினார்கள், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ஊரார் அவர்களை சனிவார் தேலி என்றார்கள். நெடுங்காலம் அவர்களுக்கு ஹனுக்கா தெரியாது, பிறகு வெளியிலிருந்து வந்த யூதர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தப் போர் நடப்பதற்கு முன்பே எங்கள் முன்னோர் கிளம்பிவிட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்களிடம் எண்ணெய்ப் பண்டிகை கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறது.

கொச்சியில் சுவரில் மாட்டும் பித்தளை ஹனுக்கா விளக்கு உண்டு. கிண்ணங்களில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார்கள். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் மட்டாஞ்சேரியில் இருக்கிறது.

சென்னைக்கு வந்தால், ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் வழி வந்த யூத வியாபாரிகள் அங்கே வாழ்ந்தார்கள். மத்தியதரைக் கடலிலிருந்து பவளம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனார்கள். 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்தத் தெருவிலும் டிசம்பர் மாதத்தில் எண்ணெய் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கூடியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஹனுக்காவை யூதர்களின் கிறிஸ்துமஸ் என்று சொல்லலாமா?
– வாசகர், நாமக்கல்

வேண்டாம். இந்த வருடம் டிசம்பர் 25 மாலையே முதல் விளக்கு வருவது தற்செயல். இதற்கு முன் 2005இல் அப்படி வந்தது. 2013இல் நவம்பர் இறுதியிலேயே வந்துவிட்டது. சமய மதிப்பில் ஹனுக்கா சிறிய பண்டிகை, விடுமுறைகூடக் கிடையாது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பக்கத்தில் இருப்பதால் பரிசுப் பொருள் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் ஒரு நாள் மட்டும் பரிசு, மற்ற நாட்களில் பிள்ளைகள் உண்டியலில் போடுகிறார்கள்.

என் மகன் பிட்ஸ்பர்க்கில் மேற்படிப்புப் படிக்கிறான். அவனுடைய பேராசிரியர் ஹனுக்காவுக்கு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். என்ன கொண்டு போகலாம்? எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– தாய், திருச்சி

கட்டாயம் போகச் சொல்லுங்கள் அம்மா. முதலில் வீட்டில் கோஷர் பார்ப்பார்களா என்று பேராசிரியரிடமே கேட்கட்டும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பார்க்கிற வீடென்றால் வீட்டில் சமைத்தது எதுவும் வேண்டாம், நீங்கள் அனுப்பிய முறுக்கு உட்பட. வெட்டாத பழம் கொண்டு போகலாம், பூங்கொத்து கொண்டு போகலாம். கடையில் வாங்கினால் உறை பிரிக்காததாகவும், அதில் வட்டத்துக்குள் ஆங்கில யு எழுத்து போட்ட முத்திரை இருப்பதாகவும் பார்த்து வாங்கட்டும். மரே அவென்யூ கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கோஷர் பார்க்காத வீடென்றால் முறுக்கைத் தாராளமாகக் கொண்டு போகட்டும்.

தலையில் வைக்கச் சின்னக் குல்லா கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மந்திரம் சொல்லும்போது சும்மா நின்றால் போதும். விளக்கை ஊதி அணைக்கக் கூடாது, அதன் சுடரில் வேறு எதையும் பற்ற வைக்கக் கூடாது. பம்பரம் சுற்றக் கூப்பிட்டால் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்துவிடட்டும். மாலை அழைப்பு என்றால் சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும், விளக்கேற்றுவது அவனுக்காகக் காத்திருக்காது. வாழ்த்துச் சொல்ல "ஹக் சமேயாக்" என்றால் போதும்.

டிசம்பர் 25 இரவு பேருந்துகள் குறைவாக ஓடும். வண்டி முன்பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். கையுறையும் காதுத் தொப்பியும் மறக்க வேண்டாம், பொது இடத்தில் விளக்கேற்றும் விழாவுக்கும் அழைத்துப் போனால் வெளியில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கும்.